முதல்ல டைரக்டர் சார் துடுப்பு போடணும்

எங்க கிளப்புக்கு ரெண்டு ரப்பர் படகு இருக்கு. ரெண்டும் ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ் மொட்டை மாடியில, தண்ணி டேங்குக்குப் பக்கத்துல, காத்து இறக்கி மடிச்சுக் கிடக்கும். வருஷத்துல முக்கால்வாசி நாள் அதுங்க பாக்கற ஒரே தண்ணி அந்த டேங்குதான். யமுனை இருக்கேன்னு கேப்பீங்க. ஒரு தடவை போனோம். வெள்ளை நுரைக்கு நடுவுல, சலூன்ல முறைக்குக் காத்திருக்கற மாதிரி வரிசையா உக்காந்திருந்துட்டு, கர்ச்சீப்பால மூக்கைப் பொத்திக்கிட்டுத் திரும்பி வந்துட்டோம்.

அதனால பயிற்சி எல்லாம் கிட்வாய் நகர் பார்க்குல, புல்லு மேலதான். ஞாயித்துக்கிழமை காலையில படகுக்குக் காத்தடிச்சு, லைஃப் ஜாக்கெட், ஹெல்மெட் எல்லாம் மாட்டி, ஏழெட்டு கவர்மெண்ட் ஆளுங்க புல்தரையில உக்காந்து காத்துல துடுப்பு போடுவாங்க. வாக்கிங் போற ஆன்ட்டிங்க நின்னு வேடிக்கை பாப்பாங்க. ஒரு சர்தார்ஜி தாத்தா வாரா வாரம் தவறாம, "பேட்டா, எங்க வரைக்கும் வந்துட்டீங்க?"ன்னு ஹிந்தியில கேப்பாரு. "இன்னும் பானிப்பட் தாண்டல அங்கிள்"னு சொல்லுவேன்.

பின்னாடி உக்காந்து "ஃபார்வர்ட், பேக், ஸ்டாப்"னு கத்தறவன் நான்தான். நான் யாருன்னா, லோதி ரோட்டுல தமிழ் சொல்லித்தர்ற ஸ்கூல்ல பத்தாவது வரைக்கும் நான் பாடத்தைப் படிச்சேன். அப்புறம் ஸ்கூல் என்னைப் படிச்சுப் பாத்துது. பன்னெண்டாவது முடியறப்போ இந்தப் புஸ்தகத்துல ஒண்ணும் இல்லன்னு மூடி வெச்சிடுச்சு. அதுக்கப்புறம் ரிஷிகேஷ் பக்கம் ஒரு படகு கேம்ப்ல போய்ப் போய்க் கிடந்து, கங்கையில படகு ஓட்டக் கத்துக்கிட்டேன். என் வாழ்க்கையில யாரும் அடிக்காம நான் கத்துக்கிட்ட ஒரே விஷயம் அது.

எங்கப்பா சென்ட்ரல் கவர்மெண்ட்ல அசிஸ்டென்ட் செக்ஷன் ஆபீசர். ஊரு திருநெல்வேலிப் பக்கம். டெல்லிக்கு வந்து முப்பது வருஷம் ஆகியும் "எல" போகல. அவருக்கு நான் ஒரு பரீட்சை எழுதணும். கவர்மெண்ட்ல பியூன் வேலையா இருந்தாலும் சரி, பென்ஷன் வரணும்.

"எல, படகு ஓட்டுதவனுக்கு எவம்ல பொண்ணு குடுப்பான்?"

"மீன் குடுக்கும்பா."

"இந்த வாய்க்கு மட்டும் பரீட்சை வெச்சா நீ ஐ.ஏ.எஸ்."

அந்தக் கேம்ப்புக்குத் தலைவி ஒரு கடுவாலி அக்கா, அந்தப் பக்கத்து மலைக்காரங்க. நாங்க எல்லாரும் தீதின்னு கூப்பிடுவோம். கங்கையே ஏதாவது தப்புத்தண்டா பண்ணினா அவங்களைப் பாத்துட்டு ஓரமா ஒதுங்கிப் போயிடும், அப்படி ஒரு முகம். அடுத்த சீசனுக்கு ஒரு கைடு இடம் காலியாச்சு. எனக்குத் தாங்கன்னு நின்னேன்.

தீதி கேட்டாங்க: "உங்க டெல்லி கிளப் வருதுல்ல? அந்தப் படகை நீ இறக்கு. பாறைக்கு நடுவுல தண்ணி சீறி இறங்கற அந்தப் பெரிய ரேப்பிட்ல ஒருத்தர் கூடத் தண்ணியில விழக்கூடாது. இறக்கிட்டேன்னா வேலை உனக்கு."

"எங்க கிளப்பா? வேற யாராவது? காலேஜ் பசங்க, மிலிட்டரி..."

"மிலிட்டரி படகை நான் தூங்கிக்கிட்டே இறக்குவேன். உங்க ஆளுங்களைப் போன வருஷம் பாத்தேன். அவங்களை இறக்கறவன் யாரை வேணா இறக்குவான்."

வீட்டுல வந்து சொன்னேன். அப்பா இட்லியைப் பிட்டுக்கிட்டே யோசிச்சாரு. "சரில. ஒத்துக்கிடுதேன். ஒருத்தரும் விழலேன்னா நீ படகுக்குப் போ. ஒருத்தர் விழுந்தாலும் திங்கக்கிழமை கோச்சிங் கிளாசு. வாயைத் தொறக்கக் கூடாது."

"டீல்."

அவரு கை கழுவப் போனதும் அம்மா குசுகுசுன்னு சொன்னா: "கூறு கெட்டவனே, அந்தப் படகுலதான உங்கப்பாவும் வருதாவ? வேணும்னே விழுந்தாலும் விழுவாவ, பாத்துக்கோ."

பாதி இட்லியைத் தட்டுலயே வெச்சுட்டு எந்திரிச்சேன்.

இப்போ தீதி ஏன் அப்படிச் சொன்னாங்கன்னு உங்களுக்குச் சொல்லணும். எங்க படகுல யாரு எங்க உக்காரணும்கறது எடையை வெச்சோ பலத்தை வெச்சோ இல்ல. சீனியாரிட்டி. முன்னாடி வலது பக்கம் டைரக்டர் சார், எங்கப்பா ஆபீசுக்கே பெரியவர். கிளப்புக்கும் அவருதான் தலைவர். பக்கத்துல அண்டர் செக்ரட்டரி. நடுவுல செக்ஷன் ஆபீசரும் எங்கப்பாவும். கடைசியில கிளார்க் அண்ணன் ஒருத்தரு. யாரும் சட்டம் போடல. லிஃப்ட்ல யாரு முதல்ல ஏறணும்னு யாராவது சொல்லித் தர்றாங்களா? அப்படித்தான்.

அதோட போனாப் பரவாயில்ல. டைரக்டர் சார் துடுப்பு தண்ணியில படாம வேற எவன் துடுப்பும் தண்ணியில படாது. நான் "ஃபார்வர்ட்"னு உயிர் போகக் கத்துவேன். எல்லாரும் துடுப்பைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு டைரக்டர் சார் முதுகையே பாத்துக்கிட்டு இருப்பாங்க. டைரக்டர் சார் மெதுவாத் திரும்பி என்னைப் பாப்பாரு.

"ஏன்ப்பா ஃபார்வர்ட்? தண்ணியே நம்மளை முன்னாடிதானே கூட்டிட்டுப் போகுது?"

"தண்ணி வேகத்துலயே போனா படகு நான் சொல்ற பேச்சைக் கேக்காது சார். அதைவிட வேகமாப் போகணும்."

"ஐ சீ. பாயிண்ட்." அப்புறம் அவரு துடுப்பைப் போடுவாரு. பின்னாடி அத்தனை துடுப்பும் ஒரே நேரத்துல, டபக்குன்னு விழும். பாக்க அவ்வளவு அழகா இருக்கும். என்ன, புல்லு மேல பரவாயில்ல. ஆத்துல அதுக்குள்ள பாறை வந்து நலம் விசாரிச்சுட்டுப் போயிடும்.

நான் பார்க்குல வெச்சு அவரை ஓட்டிக்கிட்டே இருப்பேன். "ஃபார்வர்ட்! சார், கனவு காணாதீங்க, டி.ஏ. ஏறிடுச்சு!" அவரு சிரிப்பாரு. நல்ல மனுஷன். ஆனா எங்கப்பாவுக்கு மூஞ்சி வெளிறிப் போயிடும். வீட்டுக்கு வர்ற வழியெல்லாம், "டைரக்டரைப் பாத்துப் பேசுத பேச்சால அது? அவரு எழுதுத என் சி.ஆர். ரிப்போர்ட்டு என்னத்துக்கு ஆகும்?"னு புலம்பிக்கிட்டே வருவாரு.

ரிஷிகேஷ் கிளம்பறதுக்கு முன்னாடி படகை மலை மந்திர் முருகன் கோயில் கிட்ட கொண்டு போய் நிறுத்தி விபூதி, சந்தனம் எல்லாம் வெச்சாங்க. எலுமிச்சம்பழம் வைக்கணும்னு செக்ஷன் ஆபீசர் சொன்னாரு. சக்கரம் எங்கன்னு தேடினாங்க. ரப்பர் படகுக்குச் சக்கரத்துக்கு எங்க போறது? சரின்னு பழத்தை முன்னாடி வெச்சு நாலு பேரு படகை அது மேல இழுத்தாங்க. படகு போச்சு, பழம் முழுசா வெளிய வந்துச்சு. திரும்ப இழுத்தாங்க. திரும்ப முழுசு. மூணாவது தடவை கிளார்க் அண்ணன் கடுப்பாகி ஒரே மிதி.

"அபசகுனம்"னாரு செக்ஷன் ஆபீசர்.

"சார், பழம் நசுங்காம வந்தா நல்ல சகுனம். நாமளும் அப்படித்தான் வெளிய வரணும்"னேன். எங்கப்பா என்னைப் பாத்தாரு. அந்தப் பார்வையில என்ன இருக்குன்னு எனக்குப் புரியல. எனக்கு அம்மா சொன்னதுதான் ஓடிக்கிட்டு இருந்துச்சு.

ஆத்தங்கரையில முதல் பிரச்சனை சிஸ்டரால வந்துச்சு. சிஸ்டர்னா நர்சம்மா, நாகர்கோவில்காரங்க, பெரிய ஆஸ்பத்திரியில வார்டு பாக்கறவங்க. அன்னிக்குத்தான் முதல் தடவையா எங்க படகுல வர்றாங்க. அவங்களை எங்க உக்கார வைக்கறது?

"சம்பளத்தைப் பாத்தா நமக்கு மேல"னாரு செக்ஷன் ஆபீசர், கவலையா.

"அதுக்காக முன்னாடி உக்கார வைக்க முடியுமா? அவங்க வேற கேடர், நம்ம பதவி வரிசையிலயே வர மாட்டாங்க"னாரு அண்டர் செக்ரட்டரி.

"வேற கேடர்னா கம்பேர் பண்ணவே கூடாது"ன்னு எங்கப்பா.

கங்கை பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருக்கு. பச்சைத் தண்ணி, ஐஸ் மாதிரி. இவங்க கரையில ஹெல்மெட் போட்டுக்கிட்டு மீட்டிங் போடறாங்க. தீதி ஒரு பாறை மேல நின்னு பாத்துக்கிட்டு, பீடியைப் பத்த வெச்சாங்க. எங்கப்பா மூக்குக்கண்ணாடியை அம்மா பாவாடை நாடாவால தலையைச் சுத்திக் கட்டி அனுப்பியிருந்தா. அந்தச் சிவப்பு நாடா காதுக்குப் பின்னாடி ரிப்பன் மாதிரி ஆடிக்கிட்டு இருந்துச்சு.

கடைசியில சிஸ்டரே, "எப்பா, எங்கயாவது இருக்க விடுங்க. நைட் டூட்டி முடிச்சு வந்திருக்கேன். நின்னுட்டே உறங்கிருவேன்"னு சொல்லி, கிளார்க் அண்ணன் பக்கத்துல பின்னாடி போய் உக்காந்துட்டாங்க.

முதல்ல ஒரு சின்ன ரேப்பிட். குழந்தைங்க இறங்கறது. நான் "ஃபார்வர்ட்!"னு கத்தினேன். அஞ்சு துடுப்பு அந்தரத்துல. சிஸ்டர் மட்டும் போடறாங்க. டைரக்டர் சார் திரும்பினாரு.

"இப்போ லெஃப்ட்ல அமைதியா இருக்கே, அந்தப் பக்கம் போனா என்ன?"

நான் பதில் சொல்ல வாயைத் தொறக்கறதுக்குள்ள படகு ஒரு சுத்து சுத்தி, அந்த ரேப்பிட் முழுக்க நாங்க பின்பக்கமா இறங்கினோம். டைரக்டர் சார் நாங்க வந்த வழியைப் பாத்துக்கிட்டே போனாரு. யாரும் விழல. அது எலுமிச்சம்பழம் பண்ணின புண்ணியம். தூரத்துல தீதி சின்னப் படகுல எங்களுக்கு முன்னாடி போய்க்கிட்டு, திரும்பிப் பாத்து, தலையை மட்டும் ஆட்டினாங்க.

அடுத்து பெரிய ரேப்பிட். அதுக்கு முன்னாடி ஓரமா, தண்ணி சும்மா நிக்கற இடத்துல படகை ஒதுக்கினேன். என் காதுக்குள்ள கோச்சிங் கிளாஸ் மணி அடிச்சுக்கிட்டு இருந்துச்சு. இவங்களுக்கு இப்போ ஆத்தைப் பத்திப் பாடம் எடுத்துப் புண்ணியமில்ல. எல்லாரும் டைரக்டர் சார் முதுகைப் பாத்தா, பாக்கட்டும். அந்த முதுகு மட்டும் சரியான நேரத்துக்கு அசைஞ்சாப் போதும். அதை யாரு அசைக்கறது?

"சிஸ்டர், டைரக்டர் சாரை உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாம? வாரா வாரம் ஊசி போட வருவாருல்லா. ஊசியைப் பாத்தா 'ஏன் சிஸ்டர், மாத்திரையா குடுத்தா என்ன'ன்னு கேப்பாரு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. திரும்பி உக்காருங்க சார்ம்பேன். உக்காந்திருவாரு."

எனக்குக் கங்கா மாதாவே நேர்ல வந்த மாதிரி இருந்துச்சு. சிஸ்டர் வேற கேடர். அவங்களை எங்க தூக்கி உக்கார வெச்சாலும் யாரோட சீனியாரிட்டியும் அடிபடாது. அவங்களைச் சரியா டைரக்டர் சாருக்குப் பின்னாடி வெச்சேன். அந்த இடத்துல இருந்த எங்கப்பா ஒரு சீட்டு பின்னாடி தள்ளி, எனக்கு முன்னாடி வந்துட்டாரு. அவரு வாய்க்குள்ள ஏதோ முனகினாரு. எனக்கோ அவரு கையெட்டற தூரத்துல இருக்கறது நல்லதாப் போச்சு. விழறதுக்கு சாஞ்சாருன்னா ஜாக்கெட்டைப் பிடிச்சுடலாம்.

"சிஸ்டர், நான் ஃபார்வர்ட் சொன்னதும் துடுப்புக் கட்டையால சார் முதுகுல ஒரு தட்டு."

"அது நான் பாத்துக்கிடுதேன் மக்களே."

டைரக்டர் சார் அரண்டு போய், "ஏன்ப்பா, இது அவசியமா?"ன்னாரு.

"திரும்பி உக்காருங்க சார்"னாங்க சிஸ்டர். உக்காந்துட்டாரு.

பெரிய ரேப்பிட்டைப் பாக்கறதுக்கு முன்னாடி கேக்கத்தான் முடியும். பஸ் டிப்போவுல எல்லா வண்டியும் ஒரே நேரத்துல ஸ்டார்ட் ஆன மாதிரி ஒரு சத்தம். இடது பக்கம் வீடு அளவு பாறை. வலது பக்கம் படகைக் கவுக்கற குழி. ரெண்டுக்கும் நடுவுல மூணு அலை, ஒண்ணைவிட ஒண்ணு பெருசு.

"ஃபார்வர்ட்!"

டொக். முதுகு அசைஞ்சுது. டைரக்டர் சார் துடுப்பு விழ, பின்னாடி அத்தனையும் விழுந்துச்சு. ஒரே கை, ஒரே உடம்பு. இப்படி ஒரு ஒத்துமையை நான் மிலிட்டரி படகுல கூடப் பாத்ததில்ல. படகு முதல் அலையில ஏறி இறங்குச்சு. டொக். ரெண்டாவது அலை எல்லார் மூஞ்சியிலயும் அறைஞ்சுது. டொக். யாரும் நிறுத்தல. டைரக்டர் சாரே நிறுத்தாதப்போ நிறுத்தறதுக்கு யாருக்கு அதிகாரம் இருக்கு?

என் கண்ணு முழுக்க அப்பா மேல. அவரு லேசா வலது பக்கம் சாஞ்சாரு. போச்சுடா, விழப்போறாரு! ஒரு கையைத் துடுப்புல இருந்து எடுத்து அவரு ஜாக்கெட்டைப் பிடிக்கக் குனிஞ்சேன். அவரு விழறதுக்குச் சாயல. நல்லா எட்டித் துடுப்பு போடச் சாஞ்சிருக்காரு. அந்த நேரம் பாத்து மூணாவது அலை படகோட பின்பக்கத்தை உதைச்சுது. கழுதை உதைச்ச மாதிரி.

நான் பறந்தேன்.

தண்ணிக்குள்ள ஒரு நொடி எல்லாமே பச்சை. மேல வந்து, மல்லாந்து, காலை முன்னாடி நீட்டி மிதந்துக்கிட்டுப் பாத்தா, என் படகு நான் இல்லாம வலது பக்கக் குழியைப் பாத்து நேராப் போகுது. ஆறு பேரு. பின்னாடி ஆளில்ல. கோச்சிங் கிளாஸாவது மண்ணாவது, இவங்களுக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னு இருந்துச்சு.

அப்போ எங்கப்பா எந்திரிச்சு என் இடத்துல போய் உக்காந்தாரு. ப்ரமோஷன் ஆர்டர் இல்லாம அவரு சீட்டு மாறினது வாழ்க்கையில அதுதான் முதல் தடவை. துடுப்பைப் பின்னாடி குத்திப் படகைத் திருப்பினாரு. தண்ணிச் சத்தத்தையும் மீறி ஒரு குரல் கேட்டுச்சு. என் குரல். என் ராகம். ஆனா வாயி அவரோடது.

"ஃபார்வர்ட்! ஃபார்வர்ட்! சார், கனவு காணாதீங்க, டி.ஏ. ஏறிடுச்சு!"

நான் தண்ணியில சிரிச்சு, அரை டம்ளர் கங்கையைக் குடிச்சேன்.

படகு குழியோட விளிம்பை உரசிக்கிட்டு வெளிய வந்துச்சு. ஒருத்தரும் விழல. அப்பா அதை என் பக்கம் திருப்பிக் கொண்டு வந்து, என் ஜாக்கெட்டோட ரெண்டு தோள்பட்டியையும் பிடிச்சு, ஒரு தடவை தண்ணியில அமுக்கி, அந்த வேகத்துலயே உள்ள இழுத்துப் போட்டாரு. பார்க்குல புல்லு மேல நான் நூறு தடவை சொல்லிக் குடுத்தது. அப்போவெல்லாம் அவரு எங்கயோ பாத்துக்கிட்டு கொட்டாவி விட்டுக்கிட்டு இருப்பாரு.

நான் படகு நடுவுல மீன் மாதிரி கிடந்தேன். நாடா அவிழ்ந்து, கண்ணாடி ஒரு காதுல தொங்க, மேல இருந்து என்னைக் குனிஞ்சு பாத்தாரு.

"எல, விழுந்தது நீதான?"

கரையில உடனே மீட்டிங். ஈரம் சொட்டச் சொட்ட, பல்லு கிடுகிடுக்க.

"ஒருத்தரும் விழக் கூடாதுன்னு பேச்சு. ஒருத்தன் விழுந்துட்டான். வருத்தமாத்தான் இருக்கு"ன்னாரு செக்ஷன் ஆபீசர். அவருக்கு வருத்தமே இல்ல.

எங்கப்பா சுருக்குன்னு நிமிர்ந்தாரு. "அது எப்படி சார்? ஆளுங்களை இறக்குதவன் ஆளுங்க கணக்குல வருவானா? பஸ் டிரைவருக்கு டிக்கெட் கிழிப்பாங்களா?"

நான் வாயைத் தொறந்தபடி அவரைப் பாத்தேன். என்னைக் கோச்சிங் கிளாசுல சேக்க ஆள் பிடிச்சு வெச்சிருக்கற மனுஷன் பேசற பேச்சா இது?

"சாரும் சொல்லட்டும்"னு எல்லாரும் டைரக்டர் சாரைப் பாத்தாங்க. அவரு முதுகைத் தடவிக்கிட்டே, "எனக்கு அவங்க ரெண்டு பேரு சொல்றதும் பாயிண்டாத்தான் படுது"ன்னாரு.

தீதி வந்தாங்க. என்னைப் பாக்கவே இல்ல. நேரா எங்கப்பாகிட்ட போய் நின்னாங்க. "அங்கிள், பின்னாடி உக்காந்து எத்தனை வருஷமா ஓட்டறீங்க?"

"இன்னிக்குத்தான்"னு அப்பா ஹிந்தியில சொன்னாரு.

"பொய். அச்சா, சீசனுக்கு வர்றீங்களா? வேலை உங்களுக்கு."

எனக்கு மறுபடியும் தண்ணிக்குள்ள போன மாதிரி இருந்துச்சு. என் வேலை, எங்கப்பாவுக்கு! சிஸ்டர் கர்ச்சீப்பை வாயில அடைச்சுக்கிட்டுச் சிரிக்கறாங்க.

அப்பா கண்ணாடியைக் கழட்டி, ஈரச் சட்டையிலயே தொடைச்சு, அதை இன்னும் கொஞ்சம் ஈரமாக்கி மாட்டினாரு. ஆபீஸ்ல பேசற குரல்ல சொன்னாரு: "மேடம், எனக்கு ரிட்டயர்மெண்டுக்கு இன்னும் சர்வீஸ் இருக்கு. போஸ்ட்டைக் காலியா விடக் கூடாது. நான் வந்து சார்ஜ் எடுக்குத வரைக்கும் இவன் ஆஃபிஷியேட்டிங்கா இருக்கட்டும்."

தீதிக்கு ஒண்ணும் விளங்கல. டைரக்டர் சார்தான் பொறுமையா, பெரியவர் வர்ற வரைக்கும் சின்னவன் அந்த நாற்காலியைப் பாத்துக்குவான், கவர்மெண்ட்ல அப்படி ஒரு ஏற்பாடு உண்டுன்னு ஹிந்தியில விளக்கினாரு. தீதி எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்துட்டு, "டீக் ஹை"ன்னு ஒத்துக்கிட்டு பீடியைத் தேடினாங்க.

டெல்லிக்குத் திரும்பற வண்டியில அப்பா என் தோள்ல தலை சாச்சுத் தூங்கினாரு. முழிச்சிருந்தா ஒரு நாளும் அப்படிப் பண்ண மாட்டாரு. வீட்டுக்கு வந்ததும் அம்மாகிட்ட கேட்டேன், இவருக்கு எப்படி இதெல்லாம் தெரியும்னு. அவ தலையில அடிச்சுக்கிட்டா. "சாயங்காலம் ஆனா பால்கனியில ஸ்டூலைப் போட்டு உக்காந்து, ஒட்டடைக் கம்பை வெச்சுக்கிட்டு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் குத்துவாவ. முதுகு வலிக்கு எக்சைஸ்னு சொன்னாவ. நானும் நம்பிட்டேன்."

இப்போ நான் கேம்ப்லதான் இருக்கேன். ஞாயித்துக்கிழமை தவறாம அப்பா போன் பண்ணுவாரு. சாப்பிட்டியா, தூங்கினியான்னு கேக்க மாட்டாரு.

"எல, என் சீட்டு எப்படி இருக்கு?"

"சூடா இருக்குப்பா."

"ஆற விட்டுராத. நான் வருவேன்."

வேடிக்கைக்குச் சொல்லலன்னுதான் எனக்குப் பயமா இருக்கு. போன வாரம் கரோல் பாக்ல போய்ப் புதுசா ஹெல்மெட் வாங்கிட்டாராம். அவரு வந்தா நான் இறங்கித்தான் ஆகணும். என்ன பண்றது, சீனியாரிட்டி.